நிதி வராத காலத்து நரிகள்

எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. தென்மாவட்டம் ஒன்றில், ஊரை விட்டுத் தள்ளி, பாறையும் முள்ளும் ஒரு பழைய கண்மாயும் கிடந்த நிலத்தில் எழும்பியது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் முதுகலை விலங்கியல் படிக்க அங்கே போய் இறங்கினேன். பிறகு அங்கேயே ஆசிரியராகி, அங்கேயே தலை நரைத்து, இப்போது மாலை நடைக்கு மட்டும் போய்வருகிறேன். வாசல் காவலர்கள் என்னிடம் அடையாள அட்டை கேட்பதில்லை. எனக்கு மிச்சமிருக்கும் பதவி அது ஒன்றுதான்.

அப்போது ஒரு துறைக்கும் அடுத்த துறைக்கும் நடுவே காடு இருந்தது. காடு என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். வருவாய்த்துறை ஆவணத்தில் அது தரிசு. குடைவேல், வன்னி, உசில், காரை, சூரை, இடையிடையே ஆவாரை, தரையோடு தரையாக நெருஞ்சி. நிர்வாகக் கட்டடத்திலிருந்து நூலகத்துக்குப் போகிறவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார். இரவில் விடுதிக்குப் பின்னால் நரி ஊளையிடும். விடுதிக் காப்பாளர் வளர்த்த கோழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தபோது அவர் மாணவர்களைச் சந்தேகப்பட்டார்; மாணவர்கள் நரியைக் கைகாட்டினார்கள். இரண்டு தரப்பிலும் உண்மை இருந்தது.

இப்போது பழைய ஆட்களைப் பேட்டி காண வரும் பிள்ளைகள், "அந்தக் காலத்துல இயற்கையோட இயைஞ்சு வாழ்ந்தீங்களா சார்?" என்று கேட்கிறார்கள். இயைந்தெல்லாம் வாழவில்லை. அந்தக் காட்டின்மேல் பல்கலைக்கழகத்துக்கு எள்ளளவும் அன்பு கிடையாது. துணைவேந்தர் அறையில் பெருந்திட்ட வரைபடம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதில் எங்கள் நரிக்காடு இருந்த இடத்தில் நீச்சல்குளம், உள்விளையாட்டரங்கம், பேராசிரியர் குடியிருப்பு, எல்லாம் நீல மையில் வரிசையாக நின்றன. நிதி மட்டும் வரவில்லை. நிதி வராத ஒவ்வோர் ஆண்டும் வன்னி ஒரு சாண் வளர்ந்தது. முயல் குட்டி போட்டது. காரைப் புதரடியில் கௌதாரி முட்டையிட்டது. தமிழ்நாட்டின் கல்வி நிறுவனங்களில் காட்டுயிரைக் காப்பாற்றிய பெருமையில் பெரும்பங்கு நிதித்துறைச் செயலகத்தில் கோப்புகளைத் திருப்பி அனுப்பிய பெயர் தெரியாத எழுத்தர்களுக்குத்தான் சேரும். ஒருவருக்கும் விருது கொடுத்ததாகத் தெரியவில்லை.

வளாகத்தின் தலையாய வேட்டை விலங்கு நரியும் அல்ல, மலைப்பாம்பும் அல்ல. எங்கள் விலங்கியல் துறைதான். ஆய்வகத்துக்குத் தவளை கொண்டுவருபவர் கண்மாயில் பிடித்து ஈரச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவார். பெரிய பச்சைத் தவளை. அந்நாள் பாடநூலில் அதன் பெயர் ராணா ஹெக்ஸாடாக்டைலா. ஆளுக்கு ஒன்று, கைதவறினால் இன்னொன்று. 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தபோது துறையில் கூட்டம் போட்டு அதை வரவேற்றுப் பேசினோம். பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் உழவர் நண்பன் என்று பேராசிரியர் ஒருவர் உருக்கமாகப் பேசினார். அடுத்த வாரச் செய்முறை வகுப்புக்கு வழக்கம்போல ஈரச் சாக்கு வந்தது. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு இந்த அறுவை வேலையையே நிறுத்தச் சொன்னது. அதற்குள் கண்மாயில் தவளையும் ஏறக்குறைய நின்றுவிட்டது. அதற்கு எங்கள் கத்தி மட்டும் காரணமில்லை. கண்மாய்க்கு வேறு கதி நேர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தாவரவியல் துறையினர் எங்களைவிட மென்மையானவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வளாகத்தை வேரோடு பிடுங்கிச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள், அவ்வளவுதான். ஒரு செடி அரிதானது என்று ஆசிரியர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், வகுப்பில் எல்லாருக்கும் அதில் ஒன்று வேண்டும்.

ஓர் ஐப்பசிக் காலையில் துறை வராந்தாவில் ஒரு பறவை சுருண்டு கிடந்தது. முதுகு பச்சை, சிறகில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் நேரம் தவறாமல் கூவுவதால் வந்த பெயர். வடக்கே மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்கு முன்னால் இரவோடு இரவாகத் தெற்கே பறந்து வருவது. வந்த களைப்பில் இப்படி வீட்டுத் திண்ணையிலும் கட்டட வராந்தாவிலும் விழுந்து கிடப்பதுண்டு. எங்கள் ஆய்வக உதவியாளர் அதைப் பக்குவமாக எடுத்துக்கொண்டு வந்து, கடமை தவறாதவராகக் கேட்டார்: "ஐயா, ஃபார்மலின் ஊத்தவா, பஞ்சு அடைக்கவா?" மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. துறைத்தலைவர் அன்று விடுப்பு. ஃபார்மலின் அலமாரிச் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. சாவி வரும்வரை இருக்கட்டும் என்று ஒரு கூடையைக் கவிழ்த்து மூடி வைத்தோம். சாயங்காலம் கூடையைத் தூக்கிப் பார்த்தபோது பறவைக்குத் தெம்பு வந்திருந்தது. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, சூரை முள்ளுக்குள் போய் மறைந்தது.

அண்மையில் ஒரு மழைக்காலத் தொடக்கத்திலும் இதே நடந்தது. பெண்கள் விடுதிப் படிக்கட்டில் ஆறுமணிக்குருவி. பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் படம் போனது. சுற்றுச்சூழல் மன்றம் வந்தது, நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது, மக்கள் தொடர்பு அலுவலர் புகைப்படக்காரரோடு வந்தார். அட்டைப்பெட்டியில் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தார்கள். துணைவேந்தர் கூட்டத்திலிருந்து வரும்வரை பறவை குளிரூட்டிய அறையில் காத்திருந்தது. பிறகு முறைப்படி வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுநாள் நாளிதழில் எட்டுப் பேரும் ஒரு பறவையும் இருந்த படம் வந்தது; பறவையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு பறவைகளும் பிழைத்தன. இரண்டில் எது அதிகம் பயந்திருக்கும் என்று கேட்டால் பின்னதுதான் என்பேன்.

மரம் நடுவதில் எங்களுக்குப் பழைய அனுபவம் உண்டு. 1928-இல் சாந்திநிகேதனில் தாகூர் மரம் நடுவதை ஒரு விழாவாகத் தொடங்கினார். கன்றைப் பல்லக்கில் வைத்துப் பாட்டும் நடனமுமாக எடுத்து வருவார்களாம். 1950-இல் மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி வனமகோற்சவத்தை நாடு முழுவதற்கும் ஆக்கினார். எங்கள் வளாகத்துக்கு அது வந்து சேர்ந்தபோது பல்லக்கு நகராட்சி லாரியாகவும் கன்று தைலமரமாகவும் மாறியிருந்தன. எண்பதுகளில் எங்கே பார்த்தாலும் சமூகக் காடு, சமூகக் காடு என்றுதான் பேச்சு. நூலகத்துக்கு மேற்கே நூல் பிடித்து வரிசை வரிசையாகத் தைலமரம் நட்டார்கள். அணிவகுப்புப் போல இருக்கிறது என்று பதிவாளர் மகிழ்ந்தார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விருந்தினர் மாளிகைக்கே போதாமல் இருந்ததால் அணிவகுப்பில் பெரும்பகுதி அந்தக் கோடையிலேயே உதிர்ந்தது. ஒரு வரிசை மட்டும் பிழைத்து இன்னும் நிற்கிறது. அதன் கீழே புல்கூட முளைப்பதில்லை.

பிறகு ஜூன் 5 வந்தது. 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் மாநாடு அந்தத் தேதியில் தொடங்கியது. அதையொட்டி மறு ஆண்டு முதல் உலகம் முழுக்கச் சுற்றுச்சூழல் நாள். ஸ்வீடனில் ஜூன் என்றால் பனி உருகி, மண் நனைந்து, ஊரே பச்சையாக இருக்கும். எங்கள் ஊரில் அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். இந்தப் பக்கம் புழுதிக்காற்று வீசும். எங்களுக்கு மழை என்பது ஐப்பசி, கார்த்திகை. இந்தச் சேதி வளாகத்தில் எல்லாருக்கும் தெரியும், புவியியல் துறைக்கு மிக நன்றாகத் தெரியும். ஆனாலும் ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று ஷாமியானா போட்டு, வெட்டிய குழியில் கன்றை இறக்கி, செம்பில் தண்ணீர் ஊற்றிக் கைதட்டுகிறோம். குழி வெட்டும் பொறுப்பு எங்கள் தோட்டக்கார அண்ணனுடையது. ஒருமுறை என்னிடம் கேட்டார்:

"ஐயா, இந்தத் தேதிய யாரு வெச்சது?"

"ஸ்வீடன்ல ஒரு மாநாடு நடந்துச்சுண்ணே, அதுல."

"அவுகளுக்கு அப்ப தண்ணி இருக்கும்போல" என்றார். கொஞ்ச நேரம் மண்வெட்டியைத் துடைத்தார். "நமக்கும் சேத்து அவுகளையே நட்டுக்கச் சொல்லலாம்ல?"

நிர்வாகத்திடம் போய் அக்டோபருக்கு மாற்றலாமே என்று சொன்னவர்கள் உண்டு. அறிக்கை ஜூலையிலேயே போய்விட வேண்டும் என்று பதில் வந்தது.

வரிசையாக நட்ட காலம் போய் இப்போது நெருக்கி நடும் காலம். ஜப்பானியத் தாவரவியல் அறிஞர் அகிரா மியாவாக்கி, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளாக நட்டு, போட்டியில் அவற்றை விரைவாக உயரச் செய்யும் முறையை உருவாக்கினார். அவர் வெறுமனே நெருக்கி நடச் சொன்னவர் அல்ல. ஜப்பானியக் கோயில்களைச் சுற்றி மிஞ்சியிருந்த பழைய சோலைகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, அந்தந்த மண்ணில் மனிதன் கை வைக்காவிட்டால் என்ன மரம் வளர்ந்திருக்கும் என்று கண்டுபிடித்து, அதைத்தான் நட வேண்டும் என்றார். எங்கள் ஊரிலும் கோயில்காடு உண்டு. நகரப் பேருந்திலேயே போய்ப் பார்க்கலாம். யாரும் போகவில்லை. காரையும் சூரையும் மண்டிக் கிடந்த ஓரிடத்தை 'வீணாகக் கிடக்கும் நிலம்' என்று தேர்ந்தெடுத்து, ஜேசிபி விட்டு வழித்தெடுத்து, வேலி போட்டு, மகோகனியும் தேக்கும் கொய்யாவும் இளஞ்சிவப்பாகப் பூக்கும் வெளிநாட்டு மரமும் நெருக்கி நட்டார்கள். சொட்டுநீர் வசதி செய்தார்கள். உண்மையைச் சொன்னால் அது செழிப்பாகவே வந்திருக்கிறது. தையல்சிட்டு இருக்கிறது, தவிட்டுக்குருவிக் கூட்டம் போய்வருகிறது, நிழலும் இருக்கிறது. கௌதாரியும் முயலும்தான் இல்லை. அவை காட்டில் வாழ்பவை அல்ல, வெட்டவெளியிலும் புதரடியிலும் வாழ்பவை. அவை இருந்த காட்டை அழித்துத்தான் இந்தக் காட்டை வைத்திருக்கிறோம்.

முள் என்றாலே எங்கள் அலுவலர்களுக்கு ஆகாது. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது தென்மாவட்டங்கள் முழுக்க ஒரே பரபரப்பு. எங்கள் வளாகத்திலும் வண்டிகள் இறங்கின. சீமைக் கருவேலம் தொலைய வேண்டியதுதான். வெளியிலிருந்து வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டு வேறு எதையும் தலையெடுக்க விடாத மரம் அது. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்கு மணிக்கணக்கில் கூலி. சீமைக் கருவேலத்துக்கும் முள், குடைவேலுக்கும் முள், வன்னிக்கும் முள். வன்னி சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட உறவு வேறு, இலை கொஞ்சம் ஒத்துப்போகும். இரண்டு நாளில் கிழக்குப் பகுதியில் குடைவேல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்றாம் நாள் காலையில் வண்டி வன்னிகளை நோக்கித் திரும்பியபோது ஓட்டுநர் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். இரண்டு வன்னிக்கும் இரவோடு இரவாக மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் அப்பி, அடியில் ஒரு கல்லும் நட்டிருந்தது. எலுமிச்சம்பழம் இருந்தது. "சாமி மரம் சார், நான் கைவைக்க மாட்டேன்" என்றார். தோட்டக்கார அண்ணன் தூரத்தில் தண்ணீர் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் விரல் நகங்களில் மஞ்சள் இருந்ததை நான் பார்த்தேன், பொறியாளர் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்தின் பல்லுயிர்க் கொள்கை என்ற ஆவணம் அப்போது மூன்றாம் வரைவில் இருந்தது.

அந்த வன்னிகளில் ஒன்றுக்கு இப்போது அடையாள அட்டையும் உண்டு. பசுமைத் தணிக்கைக்காக ஒவ்வொரு மரத்துக்கும் க்யூஆர் குறியீட்டுத் தகடு மாட்டினார்கள். செல்பேசியைக் காட்டினால் மரத்தின் பெயர், குடும்பம், பயன், அது வெளிவிடும் ஆக்சிஜன் எல்லாம் வரும். தகடு விழுந்துவிடாமல் இருக்க மரத்துக்கு மூன்று ஆணி. வன்னியின் தகட்டில் புரோசோபிஸ் ஜூலிஃபுளோரா என்று எழுதியிருக்கிறது. சீமைக் கருவேலத்தின் பெயர். நீதிமன்றத்துக்கும் ஜேசிபிக்கும் தப்பிய மரம் கடைசியில் எதிரியின் பெயரோடு நிற்கிறது. தாவரவியல் மாணவி ஒருத்தி திருத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறாள். ஒப்பந்ததாரருக்கு முழுத் தொகையும் கொடுத்தாகிவிட்டதால் கோப்பு நிலுவையில் இருக்கிறதாம்.

தணிக்கை, தரவரிசை என்று வந்த பிறகுதான் பசுமைக்கு இந்த மவுசு. தேசிய மதிப்பீட்டுக் குழு வந்தால் சுற்றுச்சூழலுக்கு மதிப்பெண் உண்டு. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய கிரீன்மெட்ரிக் என்ற உலகத் தரவரிசையும் உண்டு. கட்டமைப்பு, ஆற்றல், கழிவு, நீர், போக்குவரத்து, கல்வி என்பன போன்ற தலைப்புகளில் புள்ளி போடுவார்கள். கெட்ட ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். அதன் புண்ணியத்தில்தான் எங்கள் விடுதியில் மழைநீர்க் குழாய்கள் உண்மையாகவே தொட்டிக்குப் போகின்றன. 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது சுவரோடு குழாயை மட்டும் பதித்துவிட்டு நிறுத்தியிருந்தார்கள். சூரிய மின்தகடுகளும் வந்தன. தகட்டில் நிழல் விழுகிறது என்று தெற்கே நின்ற இரண்டு வேப்பமரங்களை வெட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குக் குளிரூட்டி தேவைப்பட்டது. குளிரூட்டிக்கு மின்சாரம் தகட்டிலிருந்து வருகிறது. கணக்கு நேராகிவிட்டது.

குழு வருவதற்கு முந்திய நாள் நாற்றுப்பண்ணையிலிருந்து வாடகைக்குத் தொட்டிச்செடி வரும், போனதும் திரும்பும். இதில் எழுத ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் உண்டு. நெகிழித் தடை வந்த 2019-க்குப் பிறகும் பசுமைக் கருத்தரங்குக்கு ஃபிளெக்ஸ் தட்டி வைக்கிறார்கள் என்பதும் அப்படியே.

சருகு விஷயம் கொஞ்சம் வேறு. அப்போது பெருக்க ஆள் இல்லை. மரத்தடியில் உதிர்ந்தது அங்கேயே மக்கிக் கிடக்கும். ஆறுமணிக்குருவி அதைத்தான் அலகால் புரட்டிப் புழு பொறுக்கும். பூரானும் தேளும் அரணையும் அங்கேதான் குடியிருந்தன. இப்போது சருகு அழுக்கு. விடிவதற்குள் பெருக்கிச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். ஒரு பகுதி மண்புழு உரக் கூடத்துக்குப் போகிறது. மிச்சம் மதில் ஓரத்தில் சத்தமில்லாமல் எரிகிறது. மண்புழு உரக் கூடத்தில் மண்புழு விலைக்கு வாங்கி விடப்பட்டது. சாணம் லாரியில் வருகிறது. அங்கே தயாராகும் உரம் எங்கே போகிறது என்றால், சருகு பெருக்கி மண் வெளிறிப்போன அதே மரத்தடிகளுக்கு.

கண்மாய்க்கு வருகிறேன். எங்கள் காலத்தில் அது பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமா, பக்கத்து ஊருக்குச் சொந்தமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஐப்பசி மழையில் வரத்துக்கால் வழியே செம்மண் தண்ணீர் இறங்கி நிறையும். தை மாதம் ஊசிவால் வாத்து வரும். மாசி, பங்குனியில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, சேறு விளிம்பு விளிம்பாக வெளியே தெரியும். அந்தச் சேற்றில்தான் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும், ஒவ்வோர் இனத்துக்கும் அலகு எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம். கடைசியில் ஊர் கூடி மீன்பிடிப்பார்கள். எங்கள் மாணவர்களும் இறங்குவார்கள். மீன் கிடைத்ததோ இல்லையோ, மறுநாள் வகுப்பு முழுக்கச் சேற்று வாடை. சித்திரையில் காய்ந்த கண்மாய்க்குள் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மறுபடி மழை.

முதலில் சுற்றுச்சுவர் வந்தது. பாதுகாப்புக்காகத்தான். அது ஆட்டை நிறுத்தியது, விறகு பொறுக்கிய பெண்களை நிறுத்தியது, நரியை நிறுத்தியது. கூடவே வரத்துக்காலையும் நிறுத்தியது. சுவருக்கு அடியில் விட வேண்டிய குழாய் மதிப்பீட்டில் விட்டுப்போயிருந்தது. கண்மாய் வறண்டது. வறண்ட கண்மாயை மேம்படுத்த நிதி கேட்டபோது, எங்கள் சரித்திரத்தில் முதன்முறையாக, கேட்ட நிதி கேட்டபடி வந்தது. கரையைச் சரிவில்லாமல் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்தார்கள். சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை, நடுவில் செயற்கை நீரூற்று, உயர்கோபுர மின்விளக்கு. தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. ஆண்டு முழுக்க ஒரே மட்டத்தில் நிற்கிறது, பின்வாங்குவதே இல்லை. சேறு இல்லை, ஆகவே உள்ளானும் இல்லை. கல்லைக் கொத்தி அது என்ன செய்யும்? கரையில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. பறவைகளுக்கு இடையூறு செய்யாதீர் என்று. நான் தினமும் அதன் அருகே உட்கார்ந்து காற்று வாங்குகிறேன். யாருக்கும் இடையூறு செய்ததில்லை.

எல்லா வளாகத்திலும் இப்படி என்று சொன்னால் அநியாயம். தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து இடம்பெயர்ந்தபோது சேலையூர்க் காட்டில் 365 ஏக்கர் கிடைத்தது. அங்கே மரம் செடிகளைத் தேடித்தேடிப் பார்த்துப் பதிந்து நட்டு வளர்த்தவர் எட்வர்ட் பார்ன்ஸ், கூடவே அவர் மனைவி ஆலிஸ். பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். தாவரவியலார் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சென்னை ஐஐடி கிண்டிக் காட்டுக்குள் எழுந்தது; அங்கே மாணவர்கள் தேர்வுக்கு ஓடும் வழியில் புள்ளிமானும் வெளிமானும் நிற்கின்றன. எங்களிடம் பார்ன்ஸும் இல்லை, வெளிமானும் இல்லை. மயில் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்கப் பெருகியிருப்பதுபோல இங்கும் பெருகியிருக்கிறது. சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் ஒவ்வோர் ஆண்டும் அதுதான் தோகை விரிக்கிறது. ஓணானும் பாம்புக்குட்டியும் குறைந்து மயில் கூடினால் அது நல்ல சேதியா என்று கேட்க ஆள் இல்லை; படத்தில் ஓணான் நன்றாக வராது.

இந்த வயதில் இப்படி எழுதினால் கிழவன் புலம்புகிறான் என்பார்கள். புலம்பவில்லை, வியக்கிறேன். எங்கள் காலத்தில் முதுகலை விலங்கியல் முடித்தவருக்கு இருபது பறவைக்குமேல் பெயர் சொல்லத் தெரியாது. தவளையின் மூளை நரம்புகள் பத்தும் வரிசையாகத் தெரியும். இப்போது வணிகவியல் படிக்கும் பையன் கழுத்தில் தொலைநோக்கியோடு அலைகிறான். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் நின்று பார்த்ததை எல்லாம் ஈபேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் படுக்க வேண்டிய வேளையில் இந்தப் பிள்ளைகள் பனியில் நிற்கிறார்கள். தகட்டுப் பிழையைச் சுட்டிக் கடிதம் எழுதிய மாணவிதான் குழுவுக்குத் தலைவி. கதிர்க்குருவிகளில் ஒன்றை இன்னொன்றிலிருந்து குரலை வைத்தே பிரிக்கிறாள். அவள் ஆசிரியருக்கு ஆசிரியனான எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கின்றன. காது என்று சமாளித்துவிட்டேன்.

போன பொங்கலுக்கு அவர்கள் எடுத்த பட்டியலை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். ஒவ்வொரு பறவைக்கும் நேராக எங்கே பார்த்தது என்று குறித்திருந்தார்கள். மியாவாக்கிக் காட்டில் சில, கண்மாயில் இரண்டு நீர்க்காகம், மரப்பூங்காவில் மைனாவும் காகமும். கௌதாரி, செம்போத்து, புள்ளி ஆந்தை, அரசவால் ஈப்பிடிப்பான், ஆறுமணிக்குருவி, எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே இடம்: கேஸ் நிலம்.

வடமேற்கு மூலையில் இருக்கிறது அது. நான் மாணவனாக இருந்தபோதே பல்கலைக்கழகத்துக்கும் ஒரு தனியார் குடும்பத்துக்கும் எல்லைத் தகராறு. வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஜெயித்து, உயர்நீதிமன்றத்தில் தோற்று, திரும்பி வந்து, வாரிசுகள் சேர்ந்து, ஒரு வாரிசு இறந்து, இப்போதும் நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை இருந்தபடியே இருக்க வேண்டும் என்று தடை உத்தரவு. யாரும் கட்டக்கூடாது, வெட்டக்கூடாது, நடவும் கூடாது. சுற்றுச்சுவர்கூட அங்கே முற்றுப்பெறாமல் இடைவெளி விட்டு நிற்கிறது. ஜூன் 5 அங்கே வருவதில்லை. சருகை யாரும் பெருக்குவதில்லை. பட்டுப்போன உசில் மரம் ஒன்று வெட்டப்படாமல் நிற்கிறது. அதன் பொந்தில் ஆந்தை. சென்ற தரவரிசை விண்ணப்பத்தில் 'வளாகத்தில் காணப்படும் பறவையினங்கள்' என்று கொடுத்த பட்டியலில் சரிபாதிக்குமேல் அந்த நிலத்துப் பறவைகள். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமா இல்லையா என்று இன்னும் முடிவாகாத பறவைகள்.

பிள்ளைகள் ஒரு மனுவும் எழுதி எடுத்து வந்திருந்தார்கள். துணைவேந்தருக்கு. வழக்கை விரைந்து முடித்து, அந்த நிலத்தை மீட்டு, பல்லுயிர்ப் பூங்காவாக அறிவிக்க வேண்டும். முன்னாள் பேராசிரியர் என்ற முறையில் நானும் கையெழுத்திட வேண்டும்.

"பூங்கான்னு அறிவிச்சா மொதல்ல என்ன வரும், தெரியுமாம்மா?" என்றேன்.

"நிதி வரும் சார்" என்றாள் அந்தப் பெண், மலர்ச்சியோடு.

"நிதி வந்தா?"

அவள் பதில் சொல்லவில்லை. கண்மாய்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வணிகவியல் பையன்தான் மெதுவாகச் சொன்னான்: "பேவர் பிளாக்."

"அப்ப என்ன சார் பண்றது? அப்படியே விட்டுடறதா? நாளைக்கு அந்தக் குடும்பம் ஜெயிச்சா பிளாட் போட்டுடுவாங்களே" என்றாள் அவள். அதுவும் சரியான கேள்விதான். என்னிடம் விடை இல்லை. அவளுக்குக் கிடைக்கலாம், அவளுக்குக் காது நன்றாக இருக்கிறது.

மனுவை வாங்கி, 'விரைந்து முடித்து' என்பதை மட்டும் அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். வக்கீல் குமாஸ்தாவை எனக்குத் தெரியும். எதிர்த்தரப்பு இன்னும் பதில் மனு தாக்கல் செய்யவில்லையாம். அடுத்த வாய்தா பங்குனியில்.